கஷ்டமும் கானாவும்

ஒரு பாட்டுக்காரருடைய கஷ்டங்களைக் கேட்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் ஆர்வம் அவருடைய பாட்டைக் கேட்பதில் இருப்பதில்லை. இது என் நெடுநாளைய அபிப்பிராயம். பத்திரிகையில் நாட்டுப்பாடகர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்தால், அதைப் படிக்காமலே அதன் அமைப்பைச் சொல்லிவிடலாம். முதலில் ஓலைக் குடிசை வரும், பட்டினி வரும், குடிகாரத் தகப்பனோ காலமாகிவிட்ட புருஷனோ வருவார். பிறகு ஒரு சினிமாக்காரர் வந்து கைதூக்கி விடுவார். அப்புறம் நோய், வைத்தியச் செலவு, அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வாசகர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரே விஷயம் பாட்டுதான். அவர் எதைப் பாடினார், எப்படிப் பாடினார், மற்றவர்கள் தொடாத எதை அவர் தொட்டார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இராது.

உதாரணத்துக்கு அதிக தூரம் போகவேண்டாம். கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் 'ஆண் பாவம்' படத்தில் தோன்றினார், 1993-இல் கலைமாமணி விருது பெற்றார், 2025-இல் மறைந்தார். பரவை முனியம்மா 2003-இல் 'தூள்' படத்தில் தோன்றினார். கடைசிக் காலத்தில் நோயோடும் பணமுடையோடும் போராடி 2020 மார்ச்சில் மறைந்தார். இருவரைப் பற்றியும் வந்த அஞ்சலிக் குறிப்புகளை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றிப்போட்டால் அநேகமாக ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர்களுடைய குரல்களை மாற்றிப்போட முடியுமா? கருப்பாயியின் குரல் நாற்று நடுகிறவளின் குனிந்த முதுகிலிருந்து எழுந்து வருகிற குரல். பக்கத்தில் நிற்பவளோடு பேசுவதுபோலவே பாட்டாகிவிடும். முனியம்மாவின் குரல் திருவிழாக் கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டிப் பிடித்து இழுக்கிற குரல். ஒன்று வயலுக்கு ஆனது, மற்றது மேடைக்கு ஆனது. இந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான் விமரிசனம். வறுமையைச் சொல்வது அனுதாபம். அனுதாபம் நல்ல குணந்தான். ஆனால் அது விமரிசனத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்போது கலைஞனுக்கு அநியாயம் செய்துவிடுகிறது.

இந்தப் பீடிகை, வடசென்னையின் கானாவைப் பற்றியும், இராயபுரத்துப் பெண் இசைவாணியைப் பற்றியும் சொல்வதற்காக. கானா என்றதும் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைப் பாஷை பேசிய நாளிலிருந்தே, அந்தப் பாஷை நமக்குச் சிரிப்பதற்கான பாஷையாகிவிட்டது. தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா அதைத் தாளம் போடுவதற்கான பாஷையாக்கினார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதனும், 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலாவும் தங்கள் குரலாலேயே அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். அது முன்னேற்றந்தான். என்றாலும் படத்தில் கானா எங்கே வருகிறது என்று கவனியுங்கள்: கதை சற்று இளைப்பாற வேண்டிய இடத்தில் வருகிறது. பாட்டு முடிந்ததும் கதை எழுந்து தன் வழியே போய்விடுகிறது. தன் ஊரிலே கானா இளைப்பாறும் பாட்டல்ல. அது சாவு வீட்டில் பிறந்து வளர்ந்த பாட்டு.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வந்தது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பஞ்சாலைகள் எழுந்தன. அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும் வந்தன. மூட்டை தூக்கவும் கரி அள்ளவும் தறி ஓட்டவும் ஆட்கள் வேண்டியிருந்தது. செங்கற்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் நிலமில்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். கடலோரத்துக் குப்பங்களில் மீனவர்கள் முன்பே இருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்ததன் பலன்தான் நாம் கேலி செய்யும் சென்னைப் பாஷை. அதில் 'நைனா' தெலுங்கு, 'பேஜார்' உருது, 'துட்டு' டச்சுக்காரன் விட்டுச் சென்ற நாணயம். இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள், ஒரு துறைமுகம் வேறு எந்த மொழியைப் பேசியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

துறைமுகம் இன்னொரு காரியமும் செய்தது. நம் கரையோரத்தில் ஆண்டில் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அடித்துக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் வழியிலேயே தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரீனாக் கடற்கரை அகன்றது அப்படித்தான். வடக்கே வரவேண்டிய மணல் வராததால் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. பிறகு பாறாங்கல்லைக் கொட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. மெரீனாவில் காற்று வாங்குகிறவன் காலடியில் இருப்பது வடசென்னைக்குப் போகவேண்டிய மணல். கானாவுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் விரிந்த அளவுக்கு மறுபக்கம் அரித்திருக்கிறது.

கானாவின் பூர்வீகத்தைப் பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். 'கானம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இந்துஸ்தானியில் பாட்டுக்குச் சொல்லும் வார்த்தை என்பார்கள். சொல் எங்கிருந்து வந்தால் என்ன? பொருள் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தாயின் சிதைக்கு நெருப்பு வைக்கும்போது அவர் பாடியதாகச் சொல்லும் பாட்டுகளைத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. 1838-இல் காலமான குணங்குடி மஸ்தான் சாகிபு, தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இராயபுரத்தில் தங்கி, நிலையாமையையும் இறைக் காதலையும் பாடினார். தொண்டியார் இருந்த பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை. கானாக்காரர்கள் மஸ்தானைத் தங்கள் முன்னோர்களில் ஒருவராகக் கருதுகிறார்கள். ஆகவே உடம்பு பொய், காசு பொய், நாளை என்பது பொய் என்று கானா பாடும்போது, அது தெருவோரத்து விரக்தி மட்டும் அல்ல. அந்தக் கரையில் பல தலைமுறையாகப் பேசப்பட்டு வரும் ஒரு தத்துவத்தின் வாரிசு அது. படித்தவர்கள் பட்டினத்தாரைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள் அவரைத் தாளத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நம்முடைய நாட்டுப்பாடல் தொகுப்பாளர்களின் கண்ணில் இது வெகு காலம் படவில்லை. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் வந்தது. நா. வானமாமலை 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளைக் கொண்டுவந்தார். இருவருக்கும் தமிழ் கடமைப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு நாட்டுப்பாடல் என்றால் ஏற்றமும் நாற்றும் தாலாட்டுந்தான். கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவன் பாடுவதை நிறுத்திவிட்டான் என்று நாமாகவே தீர்மானித்துக்கொண்டோம். கிராமத்தான் பாடினால் அது கலை. அவனே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு பாடினால் அது ரௌடித்தனம்!

இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள். அவர்கள் தங்கள் நாட்டுப்புற இசையின் தந்தை என்று கொண்டாடும் ஜிம்மி ராட்ஜர்ஸ், உழவர் அல்லர். ரயிலில் பிரேக் போடும் தொழிலாளி. 1897-இல் பிறந்தவர். ரயில் பாதையில் வேலை செய்த கறுப்புத் தொழிலாளர்களிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர். 1924-இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ரயில் வேலையை விட்டுப் பாட்டையே பிழைப்பாகக் கொண்டார். 1927-இல் முதல் இசைத்தட்டுப் பதிவு. அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது ஆறே ஆண்டுகள். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசித் தடவையாகப் பாடியபோது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள ஒலிப்பதிவுக் கூடத்திலேயே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். 26-ஆந் தேதி இறந்துபோனார். வயது 35. இந்தச் சரித்திரத்தைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் அவர் தம் காசநோயையே ஒரு பாட்டாக்கி 1931-இல் இசைத்தட்டில் கொடுத்தார் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? நோயைச் சொல்லிக் காசு கேட்கவில்லை. நோயை எடுத்து, தட்டி நீட்டி, தாளத்துக்கு உட்படுத்தி, கேட்பவன் காலால் தட்டும்படி செய்தார். கஷ்டம் என்பது கச்சாப் பொருள். அது எல்லோர் வீட்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதைப் பாட்டாக்குகிற கைதான் அபூர்வம்.

அந்தக் கை வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் மரண கானாவைக் கேட்க வேண்டும். வடசென்னையில் ஒருவர் இறந்துபோனால், உடலை எடுக்கும்வரை உள்ள இரவிலோ, பிறகு வரும் காரியத்திலோ, படத்திறப்பிலோ, வருஷ நினைவு நாளிலோ கானாக்காரரை அழைப்பார்கள். அவர் வந்ததும் பாட ஆரம்பித்துவிடுவதில்லை. முதலில் விசாரிப்பார். இறந்தவர் பெயர் என்ன, வயது என்ன, எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எந்த மகள் கடைசியில் பார்க்க வரமுடியாமல் போனாள், நண்பர்கள் யார் யார், எப்படிச் சாவு வந்தது என்று கேட்டுக்கொள்வார். பிறகு சட்டியும் டோலக்கும் தொடங்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் பானையோ தீப்பெட்டியோ மேசையோ போதும். தமக்குத் தெரிந்த மெட்டொன்றில் அந்த விவரங்களை ஒவ்வொன்றாக வைத்து, அந்த மனிதனின் வாழ்க்கையை அங்கேயே கட்டிவிடுவார்.

காசிமேட்டுப் பக்கம் ஓர் இரவு இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இறந்தவர் படகில் கூலிக்குப் போனவர். அவர் வாழ்நாளில் எந்தப் பத்திரிகையும் அவர் பெயரை அச்சடித்ததில்லை. அன்றிரவு ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் நூறு தடவையாவது வந்திருக்கும். ஒரு நாவலாசிரியனுக்கு அது பொறாமை உண்டாக்கும் காட்சி. நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறோம். அது உயிரோடு நிற்குமா என்று சந்தேகப்படுகிறோம். அங்கே ஒருவர் அரைமணி விசாரணையில் செத்தவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டார். அவர் மனைவி விசும்பினாள். நண்பர்கள் அடுத்த அடிக்குக் கை தட்டினார்கள். அழுகையும் தாளமும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவுக்குப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒப்பாரி அவர்களுடைய சொத்து. செத்தவனுடைய குணத்தையும் குற்றத்தையும், மாமியாரின் கொடுமையையும், பங்காளிகளின் வஞ்சகத்தையும் அவள் ஒப்பாரியில் சொல்லலாம். யாரும் அவளைத் தடுக்க முடியாது. அப்படியிருக்க, அதே மக்கள் பட்டணத்துக்கு வந்து சேர்ந்ததும் சாவுப் பாட்டு எப்படி ஆண்களுடையதாயிற்று?

இதற்கு நான் காணும் விடை இடத்தைப் பற்றியது. கிராமத்துச் சாவு வீட்டில் முற்றம் இருக்கிறது. பெண்கள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார இடம் இருக்கிறது. பட்டணத்துக் குடியிருப்பில் பத்தடி அறையில் பிணத்தையும் கிடத்தி, உறவுப் பெண்களும் உட்கார்ந்துவிட்டால் மூச்சு விட இடம் இல்லை. துக்கத்தின் மறுபாதி தெருவுக்கு வந்துவிடுகிறது. அங்கே பந்தல், பெஞ்சு, விளக்கு, விடியும்வரை கண்விழிக்க வேண்டிய ஆண்கள், அவர்களுக்குள்ளே சாராயம். அந்தத் தெருவில் எழுந்தது கானா. உள்ளே அழுகை பெண்ணுக்கு, வெளியே பாட்டு ஆணுக்கு என்று பிரிந்துவிட்டது. ஒப்பாரிக்கு நினைவில் மட்டுமே இடம். கானாவுக்கு ஒலிபெருக்கி, முன்பணம், பெயருக்கு முன்னால் 'கானா' என்ற பட்டம். தொழில் என்று ஆனதும் அது ஆணிடம் போய்விட்டது. மீன் விற்கும் பெண்ணின் குரல் காசிமேட்டையே ஆட்டிவைக்கிறது. விலை பேசலாம், சண்டை பிடிக்கலாம், ஒப்பாரி வைக்கலாம். கானா மட்டும் பாடக் கூடாது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் இசைவாணியைப் பார்க்க வேண்டும். இராயபுரத்தில் வளர்ந்தவர். தகப்பனார் தாமாகவே கற்றுக்கொண்ட இசைக்காரர். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோதே அவருடைய மேடைகளில் பாடத் தொடங்கிவிட்டாள். இப்படிப்பட்ட மேடைக் குடும்பத்தின் பொருளாதாரத்தை நம் வாசகர்கள் அறிந்திருக்க நியாயம் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது வேலை இருக்கும். பிறகு கல்யாணம், காதுகுத்து. மற்ற மாதங்களில் வாத்தியம் உறையில் தூங்கும், வீட்டு வாடகை தூங்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்த பிறகு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. விடிய விடியப் பாடுவதற்கென்றே ஏற்பட்ட கலைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். இதெல்லாம் கானாக்காரர் எல்லோருக்கும் பொது. பெண்ணுக்கு மேற்கொண்டு ஒரு கஷ்டம் உண்டு. புகழ்பெற்ற ஆண் கானாக்காரர்களோடு சமமாக ஒரே மேடையில் நிற்பதே அங்கே ஒரு சாதனையாக இருந்தது. இந்தத் தடையைத் தாண்டி வந்ததற்காகத்தான் பி.பி.சி. நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அதே ஆண்டில்தான் கொள்ளைநோய்க்காகத் திருவிழாக்கள் எல்லாம் நிறுத்தப்பட்டு, தமிழ்நாட்டு மேடைக் கலைஞர்கள் ஆடி மாதத்தையும் இழந்து உட்கார்ந்திருந்தார்கள். உலகம் பெயர் சொல்லி அழைத்த வேளையில் உள்ளூரில் மேடை இல்லை!

அவரை விரிந்த உலகத்துக்குக் கொண்டுவந்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்தது. 1914-இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயர் வந்தது. 2018 ஜனவரி 6-ஆந் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 19 பேர் கொண்ட குழுவில் பெண் ஒருவர்தான், அவர் இசைவாணி. கிடாரும் மேனாட்டு முரசும் ஒரு பக்கம், சட்டியும் பறையும் ஒரு பக்கம். நடுவே கானா.

இந்த முயற்சியைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இது கானாவுக்கு நிமிர்ந்து நிற்கும் உரிமையைக் கொடுத்தது. சினிமாவில் ஹாஸ்யத்துக்கும் குத்தாட்டத்துக்கும் ஏவலாளாக நின்ற பாட்டு, இங்கே தன் பிரச்னையைத் தானே பேசியது. அதன் தொடர்ச்சியாக 2020-இல் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவும் ஆரம்பமாயிற்று. சபாக்களில் டிசம்பர் முழுவதும் கச்சேரி கேட்கும் நகரம், அதே மாதத்தில் ஒப்பாரியையும் கானாவையும் கேட்கவேண்டி வந்தது. நல்ல காரியம்.

இரண்டாவது எண்ணம் சற்றுச் சங்கடமானது. மரண கானாவின் சக்தி அதன் குறிப்புத் தன்மையில் இருக்கிறது. இன்ன தெருவில், இன்ன வயதில், இன்னார் செத்தார் என்று ஒரே ஒரு மனிதனைப் பற்றிப் பாடுவது அது. ஆயிரம் பேர் முன்னால் மேடையில் ஏறியதும் அது 'மக்க'ளைப் பற்றிப் பாட ஆரம்பிக்கிறது. மக்கள் என்று சொல்லும்போது முகங்கள் மங்கிவிடுகின்றன. முழக்கம் கூடுகிறது, மனிதர் குறைகிறார். இந்தக் குழுவின் பாட்டுகளில் சில எனக்குப் பாட்டாகப் படுவதில்லை. தாளத்தோடு கூடிய மேடைப் பேச்சாகப் படுகின்றன. ஆனால் இசைவாணி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்ததும் அந்தக் குறை பாதி நீங்கிவிடுகிறது. காரணம் அவருடைய குரல். அது கனிவைக் காட்டிக் கேட்பவரை வசப்படுத்தும் குரல் அல்ல. சங்கதி போட்டு அலங்கரிப்பதில்லை. எதிர்வீட்டுக்காரியை வாசலிலிருந்து கூப்பிடுவதுபோல, நேராக, முழுத் தொண்டையில், ஓரம் சீவாமல் வருகிறது. சொல்லின் கடைசியில் அவர் கொடுக்கும் சிறு இழுப்பில் இராயபுரத்துத் தெரு தெரிகிறது. பாட்டு பொதுவாகப் பேசினாலும் குரல் ஒரு குறிப்பிட்ட பெண்ணுடையதாக இருக்கிறது. இதைத்தான் நான் கலை என்கிறேன். இதற்கு அவருடைய வறுமை காரணம் இல்லை. அந்தத் தெருவில் வறுமைக்குப் பஞ்சமா? பல்லாண்டு மேடையில் ஆண் குரல்களுக்கும் மேளத்துக்கும் நடுவே தன்னைக் கேட்கச்செய்ய வேண்டியிருந்த பயிற்சி காரணம்.

அந்தக் குரலுக்கு உரிய விலையையும் அவர் கொடுக்க நேர்ந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சர்ச்சையை ஒட்டி இந்தக் குழு ஒரு பாட்டு அமைத்தது, பாடியவர் இசைவாணி. சில ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டின் காட்சி திடீரென்று பரவியது. பக்தர்கள் மனம் புண்படுகிறது என்று புகார்கள் எழுந்தன. அவருக்கு மிரட்டல்களும் வசவுகளும் வந்து குவிந்தன. பாட்டின் கருத்தை ஒருவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். அது வேறு விவாதம். நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு குழுவின் பாட்டுக்கு எழுதினவர், மெட்டமைத்தவர், கொட்டினவர், கூடப் பாடினவர் என்று பல பேர் உண்டு. வசவு மட்டும் அந்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு போயிற்று. ஒப்பாரியில் எதையும் சொல்ல உரிமை கொடுத்த சமூகம், அவள் வீட்டை விட்டு மேடைக்கு வந்ததும் அந்த உரிமையைத் திருப்பிக் கேட்கிறது.

கானாவுக்காகப் பரிந்து பேசுகிறவன் அதன் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. இன்றைக்குக் கைபேசிகளில் ஓடும் கானாக்களில் ஒரு பெரும் பகுதி, காதலை மறுத்த பெண்ணை ஏசுவது. அவள் ஏமாற்றுக்காரி, பணத்தாசை பிடித்தவள், பழிவாங்கத் தக்கவள் என்கிற ஒரே பல்லவி. இதை உழைக்கும் மக்களின் குரல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் தயாராக இல்லை. உழைக்கும் மக்களில் பாதிப் பேர் பெண்கள் அல்லவா? பட்டினத்தாரிடமும் பெண்ணைப் பழிக்கும் பாட்டுகள் உண்டு. ஆனால் அவர் தம் உடம்பையும் சேர்த்தே பழித்தார். தாயின் சிதைக்கு முன்னால் அழுதார். இந்தப் பையன்களுக்குத் தங்கள்மேல் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆண்கள் மட்டுமே பாடி ஆண்கள் மட்டுமே கேட்கும் எந்தக் கலையும் சீக்கிரத்தில் இந்தக் கதிக்கு வந்துவிடும். ஆகவே கானாவுக்குப் பெண் குரல் வேண்டும் என்று நான் சொல்வது தர்ம நியாயத்துக்காக மட்டும் அல்ல. கானா பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகவுந்தான். இசைவாணிக்குப் பிறகு இளம் பெண்கள் சிலர் கானா பாட முன்வந்திருக்கிறார்கள். அவருடைய செல்வாக்கை நான் அளப்பது இதைக் கொண்டுதான். விருதுகளைக் கொண்டு அல்ல.

எனக்கு ஒரு ஆசை உண்டு. மரண கானாவில் இதுவரை அதிகமாகப் பாடப்பெற்றவர்கள் ஆண்கள்: படகுக்காரர், லாரி ஓட்டினவர், பேட்டையில் பெயரெடுத்தவர், இளம் வயதில் வெட்டுப்பட்டவர். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றி, நான்கு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, ஒருநாள் படுத்தவள் எழுந்திருக்காமல் போன ஒரு கிழவியின் கணக்கை, பெயர், வயது, தெரு, விற்ற மீன், அடைத்த கடன் எல்லாவற்றோடும், சாவு வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் விடிய விடியப் பாட வேண்டும். அந்தப் பாட்டில் ஒப்பாரியின் உண்மையும் கானாவின் துணிச்சலும் சேர்ந்துவிடும். இரண்டாகப் பிரிந்துபோன ஒரு சொத்து மறுபடி ஒன்றாகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பத்திரிகையில் நாட்டுப்பாடகர் ஒருவருடைய துயரக் கதையைப் படிக்க நேர்ந்தால், பெருமூச்சு விடுவதற்கு முன்னால் அவருடைய பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கேளுங்கள். நன்றாயிருந்தால் ஏன் நன்றாயிருக்கிறது என்று நண்பரிடம் சொல்லுங்கள். நன்றாயில்லாவிட்டால் அதையும் சொல்லுங்கள். நன்கொடை கொடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் கேட்கப்படுவதற்காகவே வாழ்ந்த ஒருவருக்கு, கேட்பதைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் பாக்கி நின்றுகொண்டேதான் இருக்கும்.